பள்ளிச் சாப்பாட்டுப் பந்தியில் தன்னார்வலர்

பெங்களூரின் அரசுப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகள் ‘பிசியூட்டா’ என்கிறார்கள். அரசு ஏடுகளில் அதன் பெயர் அக்ஷர தாசோஹ. 2002 ஜூனில் கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்கள் ஏழில் தொடங்கிய இத்திட்டம் அடுத்த ஆண்டில் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அதற்கு முன்பே, 2000 ஜூனில், அட்சய பாத்திர அறக்கட்டளை பெங்களூரில் ஐந்து பள்ளிகளின் 1,500 பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியிருந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, பள்ளியில் சமைத்த உணவு என்பதை அரசின் தயவிலிருந்து எடுத்துப் பிள்ளைகளின் உரிமையாக்கியது. இன்று நகரப் பள்ளிகள் பலவற்றுக்குப் பெரிய சமையற்கூடங்களிலிருந்து மூடிய ஸ்டீல் பாத்திரங்களில் சோறும் சாம்பாரும் வேனில் வந்து இறங்குகின்றன. வேறு பள்ளிகளில் வளாகத்திலேயே அடுப்பு எரிகிறது. எங்கே சமைத்தாலும், பாத்திரம் திறந்ததிலிருந்து கடைசித் தட்டு கழுவிக் கவிழ்க்கப்படும் வரை பள்ளியில் பெரியவர்களின் கைகள் போதாத நேரம் அது. ஆசிரியர்களுக்கு அப்போதுதான் பதிவேடு எழுத வேண்டும், உணவைச் சுவை பார்க்க வேண்டும், தாங்களும் சாப்பிட வேண்டும். தன்னார்வலருக்கு இடம் இருப்பது அந்த நேரத்தில்தான்.

பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு ஒழுங்கைப் பழக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வகுப்பெடுக்கும் எண்ணத்தோடு போகிறார்கள். படம் போட்ட அட்டை, நல்ல பழக்கங்களின் பட்டியல், கேள்வி பதில் என்று ஆயத்தமாகிறார்கள். பசியோடு தட்டை ஏந்தி நிற்கும் பிள்ளையின் காதில் அது ஏறாது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. எந்த இலை காலியாக இருக்கிறது, யார் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், எங்கே தண்ணீர் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே நடப்பார். பள்ளிப் பந்தியில் தன்னார்வலர் செய்ய வேண்டியதும் அதுவே. பிள்ளைகள் நன்றாக விசாரிக்கப்படும் பந்தியில் பக்கத்துப் பிள்ளையை விசாரிக்கத் தாமாகவே பழகுகிறார்கள்.

பள்ளிக்குள் நுழைவதற்கு முறை உண்டு. தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதியும், எஸ்.டி.எம்.சி. எனப்படும் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுவின் சம்மதமும் வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே தெருக்களில் வாழும் பெற்றோர். அவர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசினாலே எந்த வீட்டில் என்ன நிலை என்று பாதி தெரிந்துவிடும். 2021 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட மத்திய அரசின் வித்யாஞ்சலி திட்டத்தின் வழியாகவும் பதிந்துகொள்ளலாம். அடையாளச் சான்றின் நகலைக் கேட்டால் முகம் சுளிக்காமல் தர வேண்டும். கேட்காத பள்ளியிலும் தாமே கொடுப்பது நல்லது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குப் பிறகு, பிள்ளைகளோடு பழகும் எந்தப் பெரியவரும் சந்தேகத்துக்கு இடம் வைக்காத விதத்தில் நடந்துகொள்வது அடிப்படை மரியாதை. தனியறையில் ஒரு பிள்ளையோடு மட்டும் இருப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, மடியில் உட்கார வைத்து ஊட்டுவது ஆகியவை வேண்டாம். கைப்பேசியில் படம் எடுக்கவும் கூடாது. இலவசச் சோறு வாங்கும் பிள்ளையின் முகம் யாருடைய சமூக ஊடகப் பக்கத்திலும் போய்ச் சேரக் கூடாது.

முதல் நாளில் தன்னார்வலர் பார்க்க வேண்டியது குழாயடியை. இருநூறு பிள்ளைகளுக்கு நாலைந்து குழாய்கள் இருக்கும் பள்ளியில் மணியடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே ஓடுவார்கள். தள்ளுமுள்ளு நடக்கும், பெரிய பையன்கள் முந்துவார்கள், சின்னப் பிள்ளைகள் கை கழுவாமலே திரும்புவார்கள். இதை ஒழுக்கக் குறைவு என்று திட்டுவது எளிது. குழாய் போதாத இடத்தில் பொறுமையைப் போதிப்பதால் பயன் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை ஐந்து நிமிடம் முன்னதாக விடும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். தண்ணீர் குறைந்த நாளில் ஒரு வாளியும் செம்பும் வைத்து ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவலாம். சோப்புக் கட்டி ஈரத்தில் கரைந்து போகிறது, அல்லது காணாமல் போகிறது. அதைத் துண்டுகளாக்கி வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் வாரக் கணக்கில் வரும். கை தேய்க்க இருபது நொடி வேண்டும் என்று சொல்வதைவிட, அவ்வளவு நேரம் ஓடும் ஒரு கன்னடப் பாட்டையோ தமிழ்ப் பாட்டையோ அவர்களையே பாடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. இவ்வளவும் சரியான பிறகு தள்ளுமுள்ளு பெரும்பாலும் தானாகக் குறைகிறது. மிச்சமிருப்பதைத்தான் பழக்கத்தால் திருத்த வேண்டும்.

வரிசையைப் பற்றி மட்டும் கண்டிப்பு வேண்டும். அது அழகுக்காக அல்ல, பாதுகாப்புக்காக. 2023 நவம்பரில் கலபுரகி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புச் சிறுமி கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரத்தில் விழுந்து, பிறகு உயிரிழந்தாள். சூடான பாத்திரம் இருக்கும் பக்கம் பிள்ளைகள் ஓடக் கூடாது, பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரைத் தொடக் கூடாது, பாத்திரத்துக்கும் வரிசைக்கும் நடுவே பெரியவர் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அதற்கு அப்பால் தட்டு மட்டும் நீள வேண்டும், கால் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இன்னும் நல்ல வழி, பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுப் பாத்திரத்தைப் பெரியவர்கள் எடுத்துப்போய்ப் பரிமாறுவது. பரிமாற ஆள் போதாமல்தான் பல பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு தன்னார்வலர் கூடினாலே பந்தி உட்கார்ந்துவிடும்.

மொழி பெங்களூருக்கே உரிய சங்கதி. அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் ஒரே பந்தியில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நான்கும் கேட்கும். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கம் போனால் ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தமிழரான தன்னார்வலர் தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டதும் தமிழில் பேசத் தொடங்கி, அந்தப் பக்கமே நின்றுவிடுவது இயல்பு. மற்ற பிள்ளைகள் அதை உடனே கவனித்துவிடுகிறார்கள். கன்னடத்தில் நாலைந்து சொற்கள் போதும்: ‘பேகா?’ (வேண்டுமா), ‘பேடா’ (வேண்டாம்), ‘சாக்கு’ (போதும்), ‘ஸ்வல்பா’ (கொஞ்சம்), ‘ஊட்டா ஆய்த்தா?’ (சாப்பாடு ஆயிற்றா). இவற்றை எல்லாப் பிள்ளைகளிடமும் பொதுவாகப் பேசி, தனியே நலம் விசாரிக்கும்போது மட்டும் அவரவர் மொழிக்குப் போவது நல்ல முறை. புதிதாக வந்து கன்னடம் தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் முதலில் வாய்க்கிற சொற்களும் பெரும்பாலும் இந்த ஐந்துதான்.

பரிமாறும் அளவில் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது. திட்டத்தின் கணக்குப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. இதில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை தானியம் 150 கிராம், 700 கலோரி, 20 கிராம் புரதம். ஏட்டில் இருப்பது சராசரி. ஆறு வயதுப் பிள்ளையின் தட்டில் இந்த மொத்தச் சோற்றையும் ஒரே கரண்டியில் குவித்தால் அது மலைத்துப் போகும், பாதி மிஞ்சும், பிறகு சோற்றை வீணாக்கினாய் என்று ஏச்சு வாங்கும். முதல் சுற்றில் கொஞ்சமாகப் போட்டு, நடுவில் குழி செய்து சாம்பார் ஊற்றி, இரண்டாம் சுற்று நிச்சயம் வரும் என்று நம்ப வைக்க வேண்டும். அந்த நம்பிக்கை ஒரே நாளில் வராது. சில நாள் சாம்பார் தீர்ந்து போன பள்ளியில் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே நிறையக் கேட்பார்கள். அது பேராசை அல்ல, அனுபவம் கற்றுத்தந்த முன்யோசனை. கடைசி வகுப்பு சாப்பிட்டு முடிக்கும் வரை பாத்திரத்தின் அடியில் சோறு இருக்கும்படி பார்த்துக்கொள்வது பரிமாறுகிறவரின் பொறுப்பு.

இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேட்பதும், போதும் என்று சொல்லத் தெரிந்திருப்பதும் பந்தி ஒழுங்கில் தலையான இரண்டு. முதலாவதைப் பலர் ஒழுங்கில் சேர்ப்பதே இல்லை. மூன்றாம் முறை கேட்கும் பிள்ளையைப் பார்த்து ‘இன்னுமா?’ என்று சிரிக்கும் பெரியவர், அந்தப் பிள்ளை மறுநாளிலிருந்து அரைவயிற்றோடு எழுந்து போகும்படி செய்துவிடுகிறார். விடியற்காலையிலேயே தாய் வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ கிளம்பிவிடும் வீடுகளில் காலைச் சாப்பாடு பல நாள் கிடையாது. கர்நாடகத்தில் 2013 ஆகஸ்ட் 1 முதல் க்ஷீர பாக்ய திட்டத்தில் காலையில் 150 மில்லி பால் தருகிறார்கள். 2024 முதல் வாரத்தில் சில நாள் ராகி மால்ட்டும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம்போல முழுச் சாப்பாடு இங்கே காலையில் இல்லை. ஆகவே முண்டியடித்து முதலில் வருகிற பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன், காலையில் என்ன சாப்பிட்டான் என்று மெதுவாகக் கேட்பது நல்லது. பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால் அவனைத் தினமும் முதல் வரிசையில் உட்கார வைத்துவிடலாம். காரணத்தை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோருக்கும் பரிமாறும் வரை காத்திருப்பது கடினமான பழக்கம். சில பள்ளிகளில் சாப்பிடுமுன் சுலோகம் சொல்கிறார்கள், சிலவற்றில் ‘அன்னதாதா சுகீபவ’ (உணவளித்தவர் நலமாக இருக்கட்டும்) என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், சிலவற்றில் எதுவும் இல்லை. தன்னார்வலர் தம் வீட்டு வழிபாட்டைப் பந்திக்குள் கொண்டுவரக் கூடாது. பல மதத்துப் பிள்ளைகள் கூடியிருக்கும் இடம் அது. பள்ளியில் எந்த வழக்கம் இருக்கிறதோ அது பள்ளியின் விஷயம். காத்திருப்பதற்கு வழிபாடு தேவையும் இல்லை. பத்துப் பத்துப் பேராகச் சிறு வட்டங்களில் உட்கார வைத்தால், ஒரு வட்டத்துக்குப் பரிமாறி முடிக்க ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும். அந்த வட்டம் அதோடு சாப்பிடத் தொடங்கலாம். இருநூறு பேரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முதல் வரிசையின் சோறு ஆறிப்போகும். சின்ன வட்டத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. யாருக்கு இன்னும் வரவில்லை என்பது பிள்ளைகளின் கண்ணிலேயே பட்டுவிடும். ‘மிஸ், இவளுக்குப் பல்யா (பொரியல்) வரலை’ என்று அடுத்தவளுக்காக ஒரு பிள்ளை குரல் கொடுக்கத் தொடங்கிய வட்டத்தில் மற்ற ஒழுங்குகள் சீக்கிரம் வந்துவிடுகின்றன.

எல்லா வழிகளையும்விடப் பலன் தருவது தன்னார்வலர் தாமும் தட்டெடுத்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டு அதே சோற்றைச் சாப்பிடுவது. பெரியவர்கள் முதலில் சுவை பார்க்க வேண்டும் என்பது திட்டத்தின் விதியே. 2013 ஜூலையில் பீகாரின் சாப்ரா பகுதியில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்த பிறகு அந்த விதி நாடெங்கும் இறுக்கப்பட்டது. சுவை பார்ப்பதோடு நிறுத்தாமல் கூடவே உட்கார்ந்து சாப்பிடும்போது, சொல்லித் தர வேண்டியவை பாதி தேவையற்றுப் போகின்றன. கறிவேப்பிலையைத் தரையில் எறியாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதையும், வாயில் சோற்றோடு பேசாமல் விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதையும், பீன்ஸ் பிடிக்காவிட்டாலும் இரண்டு துண்டு எடுத்துப் பார்ப்பதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காயை விரும்பாத குழந்தையை அதை விரும்பும் குழந்தைகளோடு சில நாள் சாப்பிட வைத்தார். அந்தக் குழந்தையின் விருப்பமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பெரியவர் சொல்வதைக் காட்டிலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்வது வலியது என்பதால், யார் பக்கத்தில் யார் என்று யோசித்து உட்கார வைப்பதும் தன்னார்வலரின் வேலையில் சேரும். சத்தம் போடும் நான்கு பையன்களைப் பிரித்து மூலைக்கு ஒருவராக வைப்பதைவிட, நிதானமாகச் சாப்பிடும் இருவர் நடுவில் ஒருவனை உட்கார வைப்பது மேல்.

எதை வற்புறுத்துவது, எதை விட்டுவிடுவது என்பதில் தெளிவு வேண்டும். கையால் பிசைந்து சாப்பிடுவது இந்த நாட்டின் முறை. கரண்டி பிடிக்கப் பழக்குகிறேன் என்று கிளம்புவது வேண்டாத வேலை. ஒரு வீட்டில் சாம்பாரைத் தெளிவாக ஊற்றிக்கொள்வார்கள், இன்னொரு வீட்டில் கெட்டியாகப் பிசைவார்கள். விரலை நக்குவது ஒரு வீட்டில் ருசியின் அடையாளம், இன்னொரு வீட்டில் தவறு. வடகர்நாடகத்துச் சோள ரொட்டியில் வளர்ந்த பிள்ளைக்குத் தினமும் சோறு என்பதே புதிது. இவை எல்லாம் வீட்டுப் பழக்கங்கள். பள்ளியில் திருத்த வேண்டியவை அல்ல. இடக்கையால் சாப்பிடும் பிள்ளையைக் கையில் தட்டுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பிள்ளையின் கை அப்படி அமைந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்லி அதை நிறுத்த வேண்டும். வற்புறுத்த வேண்டியவை சில மட்டுமே: கை கழுவுவது, அடுத்தவர் தட்டில் கை வைக்காமல் இருப்பது, யாருடைய சாப்பாட்டையும் ‘சீ’ என்று சொல்லாமல் இருப்பது, தட்டைத் தாண்டிப் போகாமல் இருப்பது. இவ்வளவையும் ஓராண்டில் பழக்கினால் நிறையச் செய்ததாகும்.

அந்த ‘சீ’ முட்டையில்தான் அடிக்கடி வெளிப்படுகிறது. கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் சில மாவட்டங்களில் தொடங்கிய முட்டை பின்னர் மாநிலம் முழுவதற்கும் வந்தது. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்றாண்டுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் தர முன்வந்ததால், 2024 செப்டம்பரில் வாரத்தில் ஆறு நாளும் முட்டை என்றானது. முட்டை வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். சில காலம் கடலைச் சிக்கியும் தந்தார்கள். பிள்ளைகளின் உடம்புக்கு இது பெரிய கொடை. ஆனால் முட்டைக்காரர்கள் ஒரு வரிசை, பழக்காரர்கள் ஒரு வரிசை என்று பரிமாறுகிறவர்கள் தம் வசதிக்காகப் பிரித்துவிட்டால், யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். முட்டைத் தட்டையும் பழக் கூடையையும் ஒருவரே ஏந்திக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘எது வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டு போவது சிறு காரியம்தான், பலன் பெரிது. நேற்றுப் பழம் எடுத்தவன் இன்று முட்டை கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுக்கலாமா என்பது சிக்கலான இடம். பெற்றோரின் விருப்பம் பள்ளியில் எழுதப்பட்டிருக்கும். அதை மீறுவது தன்னார்வலரின் வேலை அல்ல. அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் ‘உங்கள் வீட்டில் சாப்பிட மாட்டீர்களே’ என்று கேட்காமல் இருப்பது அவர் கையில் இருக்கிறது. பிறகு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லலாம்.

சாதி முட்டையோடு நிற்பதில்லை. உணவளித்துத் தொண்டு செய்வதைக் குறிக்கும் தாசோஹ என்ற பெயரை இத்திட்டம் பன்னிரண்டாம் நூற்றாண்டு பசவண்ணரின் சரண மரபிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த மரபில் வந்த துமகூரு சித்தகங்கா மடத்தில், 2019இல் 111 வயதில் மறைந்த சிவகுமார சுவாமிகளின் காலத்தில், ஆயிரக்கணக்கான மாணவர்கள் வேறுபாடின்றி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் படித்தார்கள். பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருந்தும், தலித் பெண் சமைத்ததால் சாப்பாடு வேண்டாம் என்று பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்த செய்திகள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வந்திருக்கின்றன. ஜான் டிரேசும் அபர்ணா கோயலும் 2003இல் கர்நாடகம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் நடத்திய கள ஆய்வு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை மதிய உணவின் முக்கியப் பயன்களில் ஒன்றாகக் கண்டது. நகரத்தில் இது வெளியே தெரியாத விதத்தில் நடக்கும்: ஒரு பிள்ளை தினமும் ஓரத்தில் உட்காரும், ஒரு பிள்ளை வீட்டு டப்பாவைத் திறந்துகொண்டு தள்ளிப் போகும். வட்டங்களை வாரத்துக்கு ஒருமுறை பதிவேட்டு எண்படி மாற்றிக்கொண்டே இருந்தால் யாருக்கும் நிரந்தர ஓரம் அமையாது.

சமைப்பவர்களுக்குக் காட்டும் மரியாதையும் இதோடு சேர்ந்தது. மாதம் சில ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்துக்குப் பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்கும் பெண்கள் அவர்கள். பிள்ளைகள் அவர்களை அக்கா என்றோ அம்மா என்றோ அழைக்கிறார்கள்; சில பெரியவர்கள் ‘ஏய்’ என்று கூப்பிடுவதைக் கேட்டால் பிள்ளைகளும் மாறிவிடுகிறார்கள். தன்னார்வலர் பந்திக்குள் வந்ததும் முதலில் அவர்களிடம் போய் இன்று என்ன சமையல் என்று கேட்க வேண்டும். போகும்போது சாப்பாடு எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகள் தாமே வந்து ‘சாம்பார் சென்னாகித்து அக்கா’ (சாம்பார் நன்றாக இருந்தது) என்று சொல்லப் பழகுவது இதைப் பார்த்துத்தான். சாம்பார் நன்றாக இல்லாத நாளில் பொய்யாகப் பாராட்டச் சொல்லித் தர வேண்டாம். காரம் கூடிவிட்டது என்பதை மரியாதையாகச் சொல்வதும் பழக வேண்டியதே.

தவறு செய்த பிள்ளையைத் திருத்தும் விதத்தில் பந்தியின் தரம் தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. சாப்பிடும்போது எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்க வைப்பது, தட்டைப் பறிப்பது, ‘நாளைக்கு உனக்குச் சோறு இல்லை’ என்பது எல்லாம் அதில் வரும். சோற்றை ஒருபோதும் தண்டனையாகவோ பரிசாகவோ ஆக்கக் கூடாது. குனிந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்கு வந்து, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரலில், என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். ‘சிந்தாதே’ என்பதைவிடத் ‘தட்டைக் கிட்ட இழுத்துக்கோ’ என்பது வேலை செய்கிறது. நல்ல பழக்கத்துக்கு நட்சத்திரமும் மிட்டாயும் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் அவருடைய தோழர்களும் மழலையர் பள்ளியில் நடத்திய சோதனையில், படம் வரைவதற்குப் பரிசு உண்டு என்று சொல்லப்பட்ட குழந்தைகள், பரிசு நின்ற பிறகு முன்னளவுக்கு வரைய விரும்பவில்லை. மிட்டாய்க்காகத் தட்டைக் காலி செய்யும் பிள்ளை பசி அடங்கியதைக் கவனிக்கும் பழக்கத்தையும் இழக்கிறது. எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதைச் சொல்லிப் பாராட்டுவது போதுமானது: ‘அவனுக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தியே, நல்லாருந்துச்சு.’

மிச்சம் விழும் வாளியை மூடி வைக்காமல் பார்வையில் வைப்பது நல்லது. வாளியின் உட்புறத்தில் ஒரு கோடு வரைந்து, இன்று எதுவரை வந்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லலாம். யார் வீணாக்கினார்கள் என்று தேடாமல் எது வீணாயிற்று என்று தேட வேண்டும். பிசிபேளேபாத் அன்று கோடு கீழே நிற்கும், வேகாத பீன்ஸ் வந்த அன்று மேலே ஏறும். இதைச் சமையல்காரர்களிடமோ, உணவு அனுப்பும் சமையற்கூடத்தினரிடமோ தலைமை ஆசிரியர் வழியாகச் சொன்னால் மறுவாரமே மாறுதல் தெரிவது உண்டு. தங்கள் சொல்லுக்கு மதிப்பு இருப்பதைக் கண்ட பிள்ளைகள் வாளியை இன்னும் கவனமாகப் பார்க்கிறார்கள். பள்ளி விழாக்களில் காகிதத் தட்டு வாங்காமல் இருக்கவும் பெங்களூரில் வழி உண்டு. அதம்ய சேதனா அறக்கட்டளை நடத்தும் தட்டு வங்கியில் ஸ்டீல் தட்டுகளும் டம்ளர்களும் பயன்படுத்தித் திருப்பித் தரக் கிடைக்கின்றன.

பரிமாறுவதிலும் துடைப்பதிலும் பிள்ளைகளுக்கே பங்கு கொடுக்கும் முறையை ஜப்பான் நீண்ட காலமாகக் கையாள்கிறது. 1954இல் அங்கே பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. 2005இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த மாணவர்கள் முறைவைத்துப் பரிமாற, ஆசிரியர் வகுப்பிலேயே அவர்களோடு சாப்பிடுகிறார். பெங்களூரில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சூடான சாம்பாரைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றுவது, தட்டு எடுத்துக் கொடுப்பது, வாழைப்பழம் வழங்குவது, பந்தி முடிந்ததும் தரையைத் துடைப்பது ஆகியவற்றை ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யலாம். முறையைப் பதிவேட்டு எண்படி வைக்க வேண்டும். அப்படி வைக்காவிட்டால் துடைப்பம் பெண் பிள்ளைகளின் கைக்கும், பழக் கூடை பையன்களின் கைக்கும் போய்விடும். சில சமயம் துடைப்பம் குறிப்பிட்ட சில வீட்டுப் பிள்ளைகளின் கைக்கே திரும்பத் திரும்பப் போகும். இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே தடுக்காவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

வெளிச் சாப்பாடு கொண்டுவருவதில் எச்சரிக்கை தேவை. பிறந்தநாள் கேக், மிட்டாய், பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் அன்போடு கொண்டுவருகிறார்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கலாம். அன்று சோறு அப்படியே மிஞ்சும். மறுநாள் வெறுங்கையோடு வருகிறவரைப் பிள்ளைகள் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். ஏதாவது தர வேண்டும் என்றால் தட்டோ, டம்ளரோ, குழாயோ பள்ளிக்குத் தரலாம்.

இந்த வேலையில் ஒழுங்காக வருவது முக்கியம். மாதத்துக்கு ஒருநாள் இருபது பேர் கூட்டமாக வந்து போவதைவிட, வாரத்தில் ஒரே கிழமையில் இரண்டு பேர் தவறாமல் வருவது பிள்ளைகளுக்கு நல்லது. வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கி, தசரா விடுமுறைக்குப் பிறகு மறுபடி ஒருமுறை தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவது வசதியான கால அளவு. பாதி ஆண்டு கழிந்த பிறகு தன்னார்வலர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்க வேண்டும்: வட்டத்தை அமைப்பதை ஒரு வாரம் ஏழாம் வகுப்பிடம் விடுவது, கை கழுவும் முறையை மறுவாரம் விடுவது என்று. வேலை மாற்றத்தாலோ வீடு மாற்றத்தாலோ நின்றுவிட வேண்டி வந்தால், கடைசி நாள் எது என்பதைப் பிள்ளைகளிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி, அடுத்து வருகிறவரை அந்த இரண்டு வாரமும் கூடவே அழைத்து வந்து, யாருக்குக் காரம் ஆகாது, யார் கேட்க மாட்டார்கள், யாரை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.